துடிக்கும் விளக்குகளுக்குக் கீழே: மலை அரங்குகளில் கேனன் 7டி மார்க் 2, நீண்டகால அனுபவம்

நீலகிரியில் உள்ளரங்க விளையாட்டுகளைப் படமெடுக்கிறேன். பெரும்பாலும் இறகுப்பந்து, நடுநடுவே டேபிள் டென்னிஸ், மேட் விரிப்பில் ஆடும் கபடி, பள்ளிகளுக்கிடையிலான வாலிபால். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று எங்கே போட்டி நடந்தாலும் என் பையில் இருப்பவை கேனன் 7டி மார்க் 2 கேமராவும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும்தான் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்). கேமரா 2014-இல் வெளிவந்தது. நான் வாங்கியதே செகண்ட் ஹேண்டில். இன்று கடைக்குப் போய்க் கேட்டால் யாரும் இதை எடுத்துக் காட்டமாட்டார்கள். ஆனாலும் நம் ஊர் அரங்குகளுக்கு இது எந்த அளவு பொருந்துகிறது, எங்கே கைவிடுகிறது என்று எழுதிவைத்தால், புதிதாகத் தொடங்கும் யாருக்காவது ஒரு பெரிய லென்ஸின் காசு மிச்சமாகும்.

முதலில் விளக்கைப் பற்றிப் பேசவேண்டும். அரங்கில் படம் சரியாக வராதபோது எல்லோரும் சொல்வது "வெளிச்சம் போதவில்லை" என்பது. பாதி உண்மைதான். குறைந்த வெளிச்சத்தை, ஐஎஸ்ஓ எனப்படும் கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். துடிக்கும் வெளிச்சத்துக்கு அந்த வைத்தியம் பலிக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்கு ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அதனால் சோக் வைத்த பழைய டியூப் லைட், மெட்டல் ஹாலைடு, சோடியம் விளக்கு, மட்டமான டிரைவர் பொருத்திய எல்இடி எல்லாமே விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒளியை உள்ளே விடும் திரையான ஷட்டரை 1/100 விநாடியில் வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் படத்துக்குள் அடங்கிவிடும்; ஆனால் ஸ்மாஷ் (மேலிருந்து ஓங்கி அடிக்கும் அடி) அடிக்கும் கை அடையாளம் தெரியாமல் கலங்கிப்போகும். கையை நிறுத்த 1/800, 1/1000 வேண்டும். 1/1000-இல் கேமரா அள்ளுவது 10 மில்லிசெகண்டுத் துடிப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே. அந்தப் பங்கு உச்சத்தில் விழுமா பள்ளத்தில் விழுமா என்பது அந்த நொடியின் பாடு.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளி அரங்கில், மெட்டல் ஹாலைடு விளக்குகளின் கீழ், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே எடுத்த ஒரு தொடரை இன்னும் வைத்திருக்கிறேன். கேமராவின் துடிப்பு நீக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுத்தது. ஒரு மாணவி எம்பி ஸ்மாஷ் அடிக்கிறாள். முதல் படத்தில் அவள் சட்டை பளிச்சென்ற வெள்ளை. அடுத்ததில் அதே சட்டை டீக்கறை பட்டதுபோல் பழுப்பு. அதற்கடுத்த படத்தில் ராக்கெட்டும் முகமும் தெளிவாக இருக்கின்றன; இடுப்புக்குக் கீழே இருட்டு. ஒரே பெண், ஒரே சட்டை, ஒரே நொடி. இந்தக் கேமராவில் 1/250-க்கு மேல் போனால் படம் பதியும் சென்சார் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருப்பதில்லை. ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு கீற்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. ஓடி முடிப்பதற்குள் விளக்கு ஏறியோ இறங்கியோ விடுகிறது. அதனால்தான் படத்தின் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் விழுகிறது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் அந்த இருட்டு பக்கவாட்டில் வந்து நிற்கும். ஆடுபவரின் பாதி முகத்தைத் தின்றுவிடும். கணினியில் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் ஒரு படத்துக்கே இரவு போய்விடும்.

7டி மார்க் 2-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் இந்தத் துடிப்பு நீக்கும் வசதி. ஒளியை அளக்கும் 1,50,000 பிக்சல் சென்சாரைக் கொண்டு விளக்கின் துடிப்பைக் கேமரா கண்டுபிடிக்கிறது. நாம் பட்டனை அழுத்தினாலும், வெளிச்சம் உச்சத்துக்கு வரும் கணம்வரை காத்திருந்து ஷட்டரைத் திறக்கிறது. காத்திருப்பு ஒரு துடிப்புக்குள், அதாவது 10 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடுகிறது. விநாடிக்கு 10 படம் எடுக்கும் வேகம் கொஞ்சம் குறைகிறது. கையில் அந்தத் தயக்கம் எனக்குத் தெரிவதில்லை. கிடைப்பதோ பெரிது. தொடரின் எல்லாப் படங்களும் ஒரே வெளுப்பில், ஒரே நிறத்தில் வருகின்றன. எப்போதும் உச்சத்தில் எடுப்பதால் ஐஎஸ்ஓவையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். வாங்கியதும் மெனுவில் தேடிப்பிடித்து இதை இயக்க வேண்டும். கேமரா வரும்போது அணைந்தே இருக்கும். இதே கேமராவை வைத்துக்கொண்டு இந்த வசதி இருப்பதே தெரியாமல் போட்டி போட்டியாகப் பழுப்புப் படம் எடுத்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு இன்றும் பிடிக்கும்.

இது கைவிடும் இடங்களும் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது அதிர்வெண் 50-இல் நிலையாக நிற்பதில்லை. கேமரா தேடுவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் துடிப்பை. விலகிப்போனால் அதன் கணக்கு தப்புகிறது. அப்போது 1/250-க்கு இறங்கி, ஸ்மாஷை விட்டுவிட்டு, சர்வீஸுக்கு நிற்கும் முகங்களையும் புள்ளி எடுத்தபின் எழும் கைகளையும் எடுக்கிறேன். இன்னொரு சிக்கல், சில எல்இடி விளக்குகள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் அணைந்து எரிவது. அங்கே இந்த வசதிக்கு வேலையே இல்லை. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவின் மின்னணு ஷட்டரோடு இந்த விளக்கு சேர்ந்தால் படம் முழுக்க மெல்லிய கோடுகள் விழும். அதைச் சமாளிக்க 2021-இல் வந்த கேனன் ஆர்3 போன்ற கேமராக்களில் ஷட்டர் வேகத்தை நுணுக்கமாகத் திருத்தும் வசதி இருக்கிறது; விலை நம் கைக்கு எட்டாதது.

எலக்ட்ரீஷியனிடம் பேசுவது கேமராக் கடைக்காரரிடம் பேசுவதைவிடப் பல நேரம் பயன்தரும். நான் அடிக்கடி போகும் ஓர் அரங்கில் விளக்கு மாற்றும் பெரியவர், "விளக்கெல்லாம் புதிதுதானே அம்மா, பிறகு ஏன் உன் படத்தில் பாதி இருட்டு?" என்று கேட்டார். "அண்ணா, எல்லா விளக்கும் எத்தனை ஃபேஸில் இருக்கிறது?" என்றேன். ஒரே ஃபேஸ், அதாவது எல்லாமே கரண்ட் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றிலேயே. பெரிய ஸ்டேடியங்களில் விளக்குகளை மூன்று ஃபேஸ்களுக்கும் பிரித்துப்போடுவார்கள். ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றவை உயர்ந்து நிற்கும். மூன்றின் வெளிச்சமும் களத்தில் சம அளவில் கலந்தால் துடிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த அரங்குக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அடுத்த முறை வயரிங் வேலை வந்தபோது அவர் வரிசைகளை மாற்றிப் பிரித்துக்கொடுத்தார். களத்தின் நடுவில் இப்போது வியூஃபைண்டரில் துடிப்பு எச்சரிக்கை எழுவதே இல்லை. வாசல் பக்க மூலையில் மட்டும் இன்னும் எழுகிறது. இது படத்துக்காக மட்டும் சொல்வதல்ல. துடிக்கும் விளக்கில் வேகமாகப் போகும் ஷட்டில் விட்டுவிட்டுத் தெரியும் என்று ஆடுபவர்களே சொல்கிறார்கள். மலைப் பிள்ளைகள் சமவெளியின் நல்ல அரங்குகளில் போய் ஆடும்போது கண் பழகவே ஒரு செட் போய்விடுகிறது. புது அரங்கு கட்டுபவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தால் எவ்வளவு நல்லது.

லென்ஸுக்கு வருகிறேன். இந்தக் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 85 எஃப் 1.8 இதில் 136 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தருகிறது. பின்கோட்டுக்குப் பின்னால் மூலையில் தரையோடு உட்கார்ந்தால், 13.4 மீட்டர் நீளக் களத்தின் எதிர்ப்பாதியில் ஆடுபவர் சட்டகத்தில் அளவாக நிறைகிறார். எஃப் 2.8 ஜூமைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. ஐஎஸ்ஓ 6400 கேட்கும் இடத்தில் 3200-க்கும் கீழே முடிந்துவிடுகிறது. எடை 425 கிராம். 70-200 எஃப் 2.8 ஜூம் ஒன்றரைக் கிலோ. அதை இரவலாக வாங்கி வைத்திருந்த காலத்தில், காலை முதல் கால் இறுதி வரை தூக்கிய பிறகு மாலை இறுதிப் போட்டியில் தோள் கெஞ்சும். 85-இன் குறை, முழுதாகத் திறந்தால் வெள்ளைக் கோடுகளின் விளிம்பில் ஊதா நிறம் கசிவது. எஃப் 2-க்கு மூடினால் குறைகிறது, 2.2-இல் எனக்குப் போதும். கபடிக்கு இது ஒத்துவராது. ஆட்டம் மடிமேல் வந்து விழும். அதற்கு 50 எஃப் 1.8 போதும், விலையும் குறைவு.

ஷட்டிலை நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவானது. நம் பிள்ளைகளின் ஸ்மாஷை 200 என்று வைத்துக்கொண்டாலும் 1/1000 விநாடிக்குள் ஷட்டில் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; ஷட்டிலின் நீளத்தில் பாதிக்கு மேல். எனவே நான் ஷட்டிலைத் துரத்துவதில்லை. முகத்தில் ஃபோகஸ் வைக்கிறேன். நடு ஃபோகஸ் புள்ளியும் அதைச் சுற்றிய சிலவும் மட்டும் இயங்கும்படி வைத்து, பின்புறப் பட்டனால் ஃபோகஸ் செய்கிறேன். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா முன்னால் இருக்கும் வலையைப் பிடித்துக்கொண்டு விடாது.

நிறத்துக்கு ஒரு சிறு பழக்கம். ஆட்டம் தொடங்குமுன் களத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஷட்டரை 1/50-க்கு இறக்கி எடுத்து, அதையே வெள்ளைச் சமநிலையாக அமைத்துவிடுகிறேன். அந்த வேகத்தில் துடிப்பின் எல்லா நிறமும் கலந்து சராசரியாக வரும். பிறகு மேனுவலில் வெளிச்ச அளவை நானே அமைத்துவிட்டு, அதைத் தொடுவதில்லை. விதிவிலக்கு, கூரையில் ஒளி ஊடுருவும் ஷீட் போட்ட அரங்குகள். மூடுபனி விலகியதும் களத்தின் ஒரு பாதியில் வெயில் சதுரமாக விழும்; சில நிமிடங்களில் மறையும். அங்கே அளவை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி.

மலையில் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. குன்னூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், வெளியே குளிரில் நின்றுவிட்டு ஆட்கள் நிறைந்த அரங்குக்குள் போய் உடனே பையைத் திறந்தால் லென்ஸ் முகத்தில் ஆவி படிந்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் உள்ளே வைத்திருந்து திறந்தால் தொல்லை இல்லை. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன். 85-இன் உள்ளே இதுவரை பூஞ்சை இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் ஊட்டிக்குப் போனால் இரண்டாவது பேட்டரி உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் இருக்கும்.

ஐஎஸ்ஓ 6400-இல் இந்தக் கேமராவின் நிழல்கள் கரடுமுரடானவைதான். 2023-இல் லைட்ரூம் மென்பொருளில் வந்த, நாய்ஸை (அந்தக் கரடுமுரடுப் புள்ளிகளை) செயற்கை நுண்ணறிவால் நீக்கும் வசதிக்குப் பிறகு அந்தக் கவலை பெரிதும் குறைந்தது. ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பள்ளிச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன், "அக்கா, இது நானா?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு.

இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் அரங்குக்குப் போய், கையில் இருக்கும் கேமராவை மெக்கானிக்கல் ஷட்டரில், 1/1000-இல் வைத்து, வெறும் சுவரைத் தொடர்ச்சியாக இருபது படம் எடுத்துப் பாருங்கள். கேமரா இல்லையென்றால் போனின் ஸ்லோமோஷனில் விளக்கைப் பிடித்தாலும் துடிப்பு தெரிந்துவிடும். சுவர் படத்துக்குப் படம் நிறம் மாறினால், துடிப்பு நீக்கும் வசதி உள்ள கேமராவுக்குக் காசு ஒதுக்குங்கள். இருபதும் ஒன்றுபோல வந்தால் இருக்கும் கேமராவே போதும், அந்தக் காசுக்கு 85-ஐ மட்டும் வாங்குங்கள்.