ஜாமிஉத் துவல்: அரபுக் கையெழுத்துப் படியா, துருக்கிய அச்சா?

உஸ்மானிய சுல்தான் நான்காம் மெஹ்மதின் தலைமைச் சோதிடர் அகமது. முனஜ்ஜிம் பாஷி என்றால்தான் பலருக்கும் தெரியும். 1702-ல் மக்காவில் இறந்தவர். இஸ்லாமிய வம்சங்களை வரிசையாக எடுத்துச் சொல்லும் அவருடைய அரபு நூல்தான் ஜாமிஉத் துவல். அதை எந்த வடிவில் படிப்பது என்பதுதான் கேள்வி.

கவிஞர் நதீம் தலைமையில் வந்த துருக்கிய மொழிபெயர்ப்பு 1868-ல் இஸ்தான்புல்லில் மூன்று தொகுதிகளாக அச்சானது. சுலபமாகக் கிடைத்தது, அதனால் பரவியது. ஆனால் அது சுருக்கம். உஸ்மானியர் கதை போதும் என்றால், சரி, அதையே படிக்கலாம்.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவிலுள்ள காக்கசஸின் வரலாறு பக்கம் போனால் அரபு மூலத்தை விட்டால் வழியில்லை. அங்குள்ள ஷிர்வான், தர்பந்த் பகுதிகளைப் பற்றிச் சுமார் 1106-ல் எழுதப்பட்ட உள்ளூர் வரலாறு ஒன்று தொலைந்தே போய்விட்டது. அதன் சாரம் மிஞ்சியிருப்பது முனஜ்ஜிம் பாஷி எடுத்தெழுதிய பக்கங்களில்தான். அவற்றை வரலாற்றறிஞர் மினோர்ஸ்கி 1958-ல் ஆங்கிலத்தில் தந்தார். இன்றைய அஜர்பைஜானில் உள்ள கெஞ்சே நகரை ஆண்ட ஷத்தாதிது வம்சத்தின் கதையும் அந்த அரபு மூலத்தில்தான் விரிவாக இருக்கிறது. அந்த வம்சத்து ஷாவூர் 1063-ல் செய்வித்த இரும்புக் கதவின் ஒரு பாதி, அவர் பெயர் பொறித்த அரபு எழுத்துகளோடு, ஜார்ஜியாவின் கெலாத்தி மடத்தில் இன்றும் நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை அறிய, என் வாக்கு கையெழுத்துப் படிக்கே.