தேனிலவுக்கு கோஸ்ட் ஸ்டார்லைட் ரயில்: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எந்த அறை எடுப்பது

லாஸ் ஏஞ்சலஸுக்கும் சியாட்டிலுக்கும் இடையே அமெரிக்கப் பயணி ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் ஓட்டும் கோஸ்ட் ஸ்டார்லைட், 1,377 மைல் ஓடும் ரயில். ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் தேனிலவு என்றால் பலரும் இதன் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். பயணம் அருமைதான். ஆனால் புதுமணத் தம்பதி இதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மூச்சில் போவது பணத்தையும் நேரத்தையும் வீணடிக்கும் வழி. இரண்டு மூன்று துண்டாக வெட்டிப் போனால்தான் இந்த ரயில் தன் முழு அழகையும் காட்டும்.

பெயரில் கடற்கரை இருப்பதால் வழி நெடுகக் கடல் தெரியும் என்று நினைத்து ஏறுகிறவர்கள் அதிகம். கடல் வருவது வென்ச்சுராவுக்கு அருகே. சான்டா பார்பரா, கவியோட்டா வழியாக வாண்டன்பர்க் விண்வெளிப் படைத்தளத்தைக் கடக்கும்வரை, சுமார் 100 மைல் தூரம் அது கூடவே ஓடி வரும். அதற்குப் பிறகு ரயில் உள்நாட்டுக்குள் திரும்பிவிடும். ஓரிகனின் கடற்கரையோ வாஷிங்டன் மாநிலத்தின் பெருங்கடல் கரையோ இந்த ரயிலிலிருந்து தெரியவே தெரியாது. ஆனால் அந்த 100 மைலுக்கு ஈடு கிடையாது. 101ஆம் நெடுஞ்சாலை கவியோட்டாவில் கடலை விட்டு மலைக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து மேற்கே, பாயின்ட் கன்செப்ஷன் முனையைச் சுற்றிப் படைத்தளம் வரைக்கும் கரையோரமாகப் பொதுச்சாலை இல்லை. பாறை விளிம்பும், கீழே அலையும், மனிதரே இல்லாத மணலும் ரயிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அதனால் திசை முக்கியம். வடக்கே போகும் 14ஆம் எண் வண்டி லாஸ் ஏஞ்சலஸை காலை 10 மணிவாக்கில் விடுகிறது. சான்டா பார்பராவுக்கு நண்பகல் தாண்டி, சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்குப் பிற்பகல் மூன்று மணி கடந்து. கடல் முழுக்க நல்ல வெளிச்சத்தில் வரும், டிசம்பரில்கூட. தெற்கே வரும் 11ஆம் எண் வண்டி இதே கரையை மாலையில் தொடுகிறது. சியாட்டிலில் கிளம்பி ஒரு நாளுக்கு மேல் ஓடிய பிறகு வருவதால் சேர்ந்த தாமதமும் கூட வரும். குளிர்காலத்தில் சற்றுப் பிந்தினாலே கடல் இருட்டுக்குள் போய்விடும். டிக்கெட் எடுக்கும்முன் புறப்படும் நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். அட்டவணை அவ்வப்போது மாறும்.

வடக்கே போகும்போது கடல் இடப்பக்கம். சாதாரண கோச் இருக்கை அகலமானது, கால் நீட்ட இடம் தாராளம், பகல் பயணத்துக்கு அது போதும். இருக்கை எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, நடத்துநர்தான் ஒதுக்குவார். நடுவழி நிலையத்தில் ஏறினால் கடல் பக்கம் நிரம்பியிருக்கலாம், இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் இல்லாமலும் போகலாம். கவலை வேண்டாம். பையை வைத்துவிட்டு நேரே காட்சிப் பெட்டிக்கு நடந்துவிடுங்கள். மேல்தளத்தில் கூரை வரை வளையும் கண்ணாடியும், சன்னலைப் பார்த்துப் போட்ட இருக்கைகளும் அங்கே உண்டு. அதற்கு முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கே இடம். லாஸ் ஏஞ்சலஸிலேயே ஏறுகிறவர்கள் ஆக்ஸ்னார்ட் வரும்முன் போய் உட்கார வேண்டும். வென்ச்சுரா வந்த பிறகு எழுந்தால் நிற்கத்தான் இடம்.

இனி அறைகள். புதுமணத் தம்பதிகள் ஏமாறும் இடம் இதுதான்.

ரூமெட் என்பது மூன்றரை அடிக்கு ஆறரை அடி. பகலில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். இரவில் அவை இரண்டும் சேர்ந்து கீழ்ப்படுக்கை ஆகும், மேலிருந்து இன்னொரு படுக்கை இறங்கும். கீழ்ப்படுக்கையின் அகலம் 28 அங்குலம், மேலே இருப்பது 24. சாதாரண இரட்டைக் கட்டில் 54 அங்குலம் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரூமெட்டில் இருவர் சேர்ந்து படுக்க வழியே இல்லை. படுக்கை போட்ட பின் ஒருவர் நின்று உடை மாற்றக்கூட மற்றவர் வெளியே போக வேண்டியிருக்கும். கழிவறையும் குளியலறையும் பொது. நண்பர்கள் இருவர் போக ஏற்ற அறை; தேனிலவுக்கு இல்லை.

பெட்ரூம் ஆறரைக்கு ஏழரை அடி. கீழ்ப்படுக்கை 40 அங்குலம், ஒட்டிப் படுத்தால் இருவருக்கும் போதும். அறைக்குள்ளேயே கழிவறை உண்டு, ஆனால் ஷவரும் அதே கூண்டுக்குள்தான். குளிக்கும்முன் டிஷ்யூ சுருளையும் துண்டையும் வெளியே எடுத்து வைக்காவிட்டால் எல்லாம் ஊறிவிடும். மேல்தளத்தில் ஏ முதல் இ வரை ஐந்து பெட்ரூம்கள். ஏ மற்றவற்றைவிடச் சற்றுச் சிறியது. பி-யும் சி-யும், டி-யும் இ-யும் நடுவே திறக்கக்கூடிய தடுப்பைப் பகிர்ந்துகொள்பவை, அதனால் பேச்சுச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். பெட்டியின் நடுப்பக்கம் இருப்பதால் இ-யில் ஆட்டம் குறைவு. கேட்கும்போது டி அல்லது இ என்று கேளுங்கள்.

பெட்ரூம்கள் எல்லாம் பெட்டியின் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும், மறுபக்கம் நடைவழி. பெட்டி எந்த வாக்கில் கோக்கப்பட்டது என்பதைப் பொறுத்து உங்கள் பெரிய சன்னல் கடலைப் பார்க்கலாம், மலையையும் பார்க்கலாம். அதை முன்கூட்டி அறிய வழியில்லை. கடல் பார்ப்பதற்காகவே பெட்ரூமுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். கடலுக்கு கோச்சும் காட்சிப் பெட்டியும், இரவுக்கு பெட்ரூம்.

இதை வைத்து வெட்டினால் பயணம் இப்படி அமையும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான்டா பார்பராவுக்கு பசிபிக் சர்ஃப்லைனர் என்ற இன்னொரு ரயில் நாளுக்குப் பல தடவை போகிறது, அதிலேயே போய்விடலாம். சான்டா பார்பரா நிலையம் ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற முக்கியத் தெருவின் கடலோர முனைக்கு அருகிலேயே இருக்கிறது. 1872இல் கட்டிய ஸ்டேர்ன்ஸ் வார்ஃப் மரத்துறைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம், கார் தேவையில்லை. வார இறுதியில் விடுதி வாடகை ஏறும்; திங்கள் முதல் வியாழன் வரை தங்குவது நல்லது. இரண்டு இரவு கழித்து நண்பகல் ஸ்டார்லைட்டில் கோச்சில் ஏறி மூன்று மணி நேரத்தில் சான் லூயிஸ் ஒபிஸ்போ. மேலே சொன்ன சாலையில்லாக் கரை இந்தத் துண்டில்தான் இருக்கிறது.

அங்கே இறங்கிக் கார் எடுங்கள். இன்னும் வடக்கே சலினாஸ்வரை ரயிலிலேயே போய் அங்கே கார் எடுக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்: ரயில் மாலை ஆறு மணிக்கு மேல் சேரும், வாடகைக் கார் அலுவலகம் அதற்குள் மூடியிருக்கும். ரயில் நேரத்துக்கு வந்தால் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கிருந்து 1ஆம் நெடுஞ்சாலையில் மோரோ பே, கேம்ப்ரியா, யானைச் சீல்கள் கூட்டமாகப் படுத்திருக்கும் பியத்ராஸ் பிளாங்காஸ், பிக் சர், 1932இல் முடித்த பிக்ஸ்பி பாலம், கார்மல், மான்டரே. இந்தச் சாலை மண்சரிவால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கிலும் மூடப்படுவது வழக்கம். 2017, 2023, 2024 ஆண்டுகளில் பெரிய சரிவுகள் நடந்தன. கலிபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் குவிக்மேப் இணைய வரைபடத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே பிக் சரில் அறை பதிவு செய்யுங்கள். கேம்ப்ரியாவில் பெட்ரோலை முழுதாக நிரப்புங்கள். அதற்கப்பால் பங்க்குகள் அரிது, விலையும் அதிகம். கைபேசி சிக்னல் பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் காரைத் திருப்பிக் கொடுப்பதற்கான கட்டணத்தையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்குள் கார் எடுத்துப் போனால் இருக்கையில் ஒரு சட்டைகூட விடாதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்குள் ஸ்டார்லைட் வருவதில்லை; வளைகுடாவின் மறுகரையில் ஓக்லண்டும் எமரிவில்லும்தான் நிலையங்கள். வடக்கே போகும் வண்டி இரவு பத்து மணிக்குச் சற்று முன்பின்னாக வரும். ஓக்லண்ட் ஜாக் லண்டன் ஸ்கொயரில் ஏறுங்கள், பக்கத்திலேயே உணவகங்கள் உண்டு. பெட்ரூம் கட்டணத்தில் சாப்பாடு அடக்கம் என்றாலும் அந்த நேரத்துக்கு இரவு உணவு முடிந்திருக்கும். சாப்பிட்டுவிட்டே ஏறுங்கள்.

பெட்ரூமுக்கான பணம் இந்த இரவில்தான் பலன் தரும். விடியற்காலையில் 14,179 அடி உயர ஷாஸ்டா மலை சன்னலில் வரும். ரயில் நேரத்துக்கு ஓடினால் அலாரம் வைத்து எழுவது வீண்போகாது. காலை உணவுக்குப் பின் கிளமத் ஏரி, பிறகு கேஸ்கேட் மலையின் சுரங்கங்களும் ஊசியிலைக் காடும். உணவுப் பெட்டியில் நால்வர் மேசையில் இன்னொரு ஜோடியோடு உட்கார வைப்பார்கள். தனியாகச் சாப்பிட விரும்பினால் அறைக்கே கொண்டுவரச் சொல்லலாம், மறுக்க மாட்டார்கள். சைவம் ஒன்று பட்டியலில் இருக்கும், பால், முட்டைகூட இல்லாத முழுச் சைவம் (வீகன்) வேண்டுவோர் பயணத்துக்குச் சில நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். சொந்தமாகக் கொண்டுவந்த மதுவை அறைக்குள் மட்டுமே அருந்தலாம். அறைப் பணியாளருக்கு இரவொன்றுக்கு இருவருக்குமாக 20 டாலர் கொடுப்பது நல்ல மரியாதை.

பெரிய பெட்டியை அறைக்குள் இழுக்காதீர்கள். ஒருவருக்கு 50 பவுண்டில் இரண்டு பெட்டிகளை இலவசமாகச் சரக்குப் பெட்டியில் போடலாம். புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பே கொடுக்க வேண்டும். எல்லா நிலையத்திலும் இந்த வசதி இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். கதவை வெளியிலிருந்து பூட்ட முடியாது, தாழ்ப்பாள் உள்ளே மட்டும். நகை, பாஸ்போர்ட்டைக் கையிலேயே வையுங்கள்.

தாமதத்தைப் பற்றி நேரே சொல்ல வேண்டும். பாதையில் பெரும்பகுதி யூனியன் பசிபிக் சரக்கு நிறுவனத்துடையது, பல இடங்களில் ஒற்றைத் தடம். இப்போதைய சரக்கு ரயில்கள் ஒதுங்கு தடத்தைவிட நீளமானவை என்பதால், பயணிகளுக்கு முன்னுரிமை என்று சட்டம் சொன்னாலும் பயணி ரயில்தான் ஒதுங்கி நிற்க வேண்டிவருகிறது. ஒரே முன்பதிவில் உள்ள அடுத்த ஆம்ட்ராக் ரயில் தவறினால் அவர்களே மாற்று ஏற்பாடு செய்வார்கள். தனியாக எடுத்த விமானம் தவறினால் நஷ்டம் உங்களுடையது. சியாட்டில் கிங் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு இரவு எட்டு மணிவாக்கில் சேர வேண்டிய வண்டி நள்ளிரவிலும் வரலாம். அன்றிரவு விமானம் வேண்டாம். நள்ளிரவுக்குப் பிறகும் வரவேற்பறை திறந்திருக்கும் விடுதியாகப் பார்த்து எடுங்கள்.