எட்டு லூப் கன்ட்ரோலரும் 'ஃபுல்லி ஐசோலேட்டட் சார்' என்ற ஒரு வார்த்தையும்

கோவை குறிச்சிப் பக்கம் பிவிசி கண்ட்யூட் பைப் ஓட்டுகிறோம். ஒரே ஒரு ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர்தான், அதாவது பிவிசியை உருக்கி இரண்டு ஸ்க்ரூவால் தள்ளிப் பைப்பாக்கும் மெஷின். ஸ்க்ரூ சுற்றும் இரும்பு பேரலில் நாலு ஜோன், அதை டையோடு இணைக்கும் அடாப்டர் ஒன்று, பைப்புக்கு வடிவம் தரும் டையில் மூன்று, ஆக எட்டு டெம்பரேச்சர் லூப், அதாவது சூட்டை அளந்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் எட்டு சுற்று. பதினோரு வருஷமாக எட்டு தனித்தனி கன்ட்ரோலர்கள் பேனல் கதவில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்தன. இரண்டில் டிஸ்ப்ளே மங்கிப்போனது. மொத்தமாக மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

பேனல் செய்து தரும் ஒருவர் வந்தார். பெயரை இங்கே போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. எட்டு பெட்டிக்குப் பதிலாக பேனலுக்குள் இருக்கும் டின் ரெயில் பட்டையில் மாட்டும் ஒரு சிபியு, நாலு லூப் மாட்யூல் இரண்டு, கதவில் ஒரு டச் ஸ்கிரீன் என்றார். 1,85,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. அறுபது சதவீதம் அட்வான்ஸ், மீதி, மாட்டி ஓட்டிக் காட்டும் கமிஷனிங் அன்று. மாடுலர் கன்ட்ரோலர் என்ற சரக்கே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜோன் நிறைய உள்ள மெஷினுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஒயரிங் குறையும், சைஸ் மாற்றும்போது எட்டு செட் பாயிண்டும் (ஒவ்வொரு ஜோனிலும் நிற்க வேண்டிய சூடு) ஒரே தட்டில் மாறும், ஒரு மாட்யூல் போனால் அதை மட்டும் கழற்றிப் போடலாம். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆர்டர் போடும் முன்பே, சூட்டை அளக்கும் சென்சரான தெர்மோகப்பிளைப் பற்றி ஒன்று சொல்லியிருந்தார். "நம்ம தெர்மோகப்பிள் எல்லாம் கிரவுண்டட் டைப்புங்க. முனை பேரல் இரும்பைத் தொட்டுக்கிட்டே இருக்கும். சேனலுக்குச் சேனல் ஐசோலேஷன் இருக்கான்னு கேட்டுக்கோங்க." ஒரு சேனல், அதாவது ஒரு தெர்மோகப்பிளின் இன்புட், இன்னொன்றோடு மின்தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேட்டேன், வாட்ஸ்அப்பிலேயே கேட்டேன். "ஃபுல்லி ஐசோலேட்டட் சார்" என்று பதில் வந்தது. கூடவே டேட்டாஷீட்டின் ஒரு பக்கம், அதில் 1500 வோல்ட் ஐசோலேஷன் என்ற வரியில் மஞ்சள் கோடு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பணத்தைப் போட்டுவிட்டேன்.

கமிஷனிங் அன்று ஹீட்டரை மட்டும் போட்டு, ஹீட்டரை எவ்வளவு போடுவது என்று கன்ட்ரோலர் தானே பழகிக்கொள்ளும் ஆட்டோ டியூன் ஓட்டிக் காட்டினார்கள். எட்டு ஜோனும் செட் பாயிண்டில் ஒரு டிகிரிக்குள் நின்றன. ஸ்கிரீனில் பச்சைப் பட்டைகள், பார்க்க அழகு. மெயின் மோட்டாரை ஓட்டவே இல்லை. "சூடு ஏறிடுச்சு, மெட்டீரியல் நாளைக்குப் போட்டுக்கலாம் சார்" என்றார்கள். நானும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு மீதிப் பணத்தை அனுப்பிவிட்டேன். இந்த ஒரு கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

மறுநாள் மோட்டார் ஸ்டார்ட் ஆன சில நொடியில் ஆபரேட்டர் ஓடி வந்தான். "அண்ணா, மூணாவது ஜோன் எறங்குதுங்க." 185-இல் நின்றது 161 காட்டியது. யோசித்துப் பாருங்கள், அவ்வளவு கனமான இரும்பு பேரல் இரண்டு நொடியில் 24 டிகிரி ஆறுமா? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. மெட்டீரியல் போனதால் சூடு இழுக்கிறது என்று நினைத்தேன். கன்ட்ரோலரும் அதையே நம்பி ஹீட்டரை முழுசாகப் போட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப 185 காட்டியது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் பைப் மஞ்சளாக வருகிறது, அப்புறம் பழுப்பு. மூக்கில் ஆசிட் நெடி ஏறி கண் எரிந்தது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பக்கத்தில் காலியாக இருந்த துளையில் பேட்டரி தெர்மாமீட்டரை விட்டோம், 209. ஸ்கிரீனில் 185. மோட்டாரை நிறுத்தினோம், ஸ்கிரீனும் 209-க்குத் தாவியது. ஸ்க்ரூ இரண்டையும் உருவி, ஒட்டிய கரியைப் பித்தளை பிரஷால் தேய்த்து எடுக்க ஒன்றரை நாள் ஆனது.

பேனல்காரருக்குப் போன் போட்டோம். "உங்க எர்த்திங் சரியில்லை சார்." கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் பிட் வெட்டினோம், 14,000 ரூபாய். எர்த்திங் நன்றாக இருப்பது நல்லதுதான், ஆனால் ரீடிங் ஒரு டிகிரி கூட மாறவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். பவரை ஆஃப் செய்து, மாட்யூலிலிருந்து தெர்மோகப்பிள் ஒயரையெல்லாம் கழற்றி, மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் பஸரில் வைத்தார். ஒன்றாம் சேனல் மைனஸில் ஒரு முள், இரண்டாம் சேனல் மைனஸில் ஒரு முள். பீப். மூன்றாவதைத் தொட்டார். பீப். நாலு மைனஸும் உள்ளே ஒரே தடம்.

விஷயம் இதுதான். மோட்டாரை ஓட்டும் டிரைவ் ஓடும்போது எர்த்துக்குப் போகும் லீக்கேஜ் கரண்ட் பேரல் வழியாகவும் ஓடுகிறது. பேரலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு சின்ன வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். மைனஸ் எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அந்த கரண்ட் தெர்மோகப்பிள் ஒயருக்குள்ளேயே சுற்றும். எங்கள் ஜே டைப் தெர்மோகப்பிள் தரும் வோல்டேஜே ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 55 மைக்ரோவோல்ட்தான். ஒரு மில்லிவோல்ட் வெளியிலிருந்து நுழைந்தாலே 18 டிகிரி தப்பு. பழைய எட்டும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி இன்புட், அதனால் பதினோரு வருஷம் இந்தத் தொல்லை தெரியவே இல்லை.

சரி, அந்த 1500 வோல்ட்? டேட்டாஷீட்டை முழுசாகத் தேடி எடுத்துப் படித்தேன். அது பவருக்கும் இன்புட்டுக்கும் நடுவே உள்ள ஐசோலேஷன். அடுத்த பக்கத்தில், அவர் அனுப்பாத பக்கத்தில், சேனல்களுக்கு இடையே ஐசோலேஷன் இல்லை, அன்கிரவுண்டட் (முனை இரும்பைத் தொடாத) தெர்மோகப்பிள் மட்டும் பயன்படுத்தவும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. தயாரித்தவன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். விற்றவர் பாதியை மறைத்தார்.

அதனால் வாங்கப் போகிறவர்கள் டேட்டாஷீட்டை முழுசாகக் கேளுங்கள். 'சேனலுக்குச் சேனல்' என்ற வார்த்தையும் அதற்கான வோல்ட்டும் பர்ச்சேஸ் ஆர்டரில் வர வேண்டும். மல்டிமீட்டர் சோதனையில் பீப் வரவில்லை என்றால் தப்பித்தோம் என்றும் நினைக்காதீர்கள், மல்டிபிளெக்சர் (சேனல்களை ஒரே சர்க்யூட்டுக்கு மாற்றி மாற்றி இணைக்கும் சிப்) வைத்த மாட்யூலில் பீப் வராமலும் ஐசோலேஷன் இல்லாமல் இருக்கலாம். மோட்டார் ஓடி, சரக்கு வெளியே வந்து, ஒரு ஷிஃப்ட் முடியும்வரை கமிஷனிங் ரிப்போர்ட்டைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. அன்கிரவுண்டட் தெர்மோகப்பிள் மாற்றிப் பார்க்கலாம் என்றால் அதற்குத் தக்கபடி மறுபடி டியூன் செய்ய வேண்டும். அந்த ஸ்கிரீனுக்கு பேனல்காரர் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால் "சர்வீஸ் விசிட் சார்ஜ் தனி." புரோகிராம் பேக்கப்பும் தரவில்லை.

கன்ஸ்யூமர் கோர்ட் போகலாம் என்று நினைத்தேன். வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்றார் வக்கீல். சுயதொழிலில் பிழைப்பவருக்கு விதிவிலக்கு உண்டாம், ஆனால் பதினாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் என்னை அதில் சேர்க்க முடியாது. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அதாவது சொன்ன விவரணைக்குப் பொருந்தாத சரக்கு என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அந்த வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்ததும்தான் வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

பரணில் போட்டிருந்த பழைய கன்ட்ரோலர்களை இறக்கி, மங்கிய இரண்டுக்கு மட்டும் புதிது வாங்கி, கதவில் திரும்ப மாட்டியிருக்கிறோம். டச் ஸ்கிரீனுக்காக வெட்டிய ஓட்டையை அக்ரிலிக் தகட்டால் மூடினோம். நேற்று ராத்திரி ஷிஃப்டில் மூணாவது ஜோன் மோட்டார் ஓடும்போதும் 185, நின்றபோதும் 185.