500 விநாடியில் கைவிடும் வெயிட்டர்: போட்டோ3 வழியாக டைனமோடிபி டேபிளை மீட்பது பற்றி

"ரீஸ்டோர் ஸ்கிரிப்ட் எர்ரர் அடிச்சு நின்னுடுச்சு, இனி டேபிள் வராதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரும். நின்றுபோனது ஸ்கிரிப்ட்தான். ரீஸ்டோர் கிளவுட் பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. போட்டோ3 (அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸை பைத்தானிலிருந்து அழைக்கும் லைப்ரரி) வைத்து டைனமோடிபி (அந்தக் கிளவுடின் டேட்டாபேஸ் சேவை) டேபிள்களை மீட்கிற எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்வி இது என்பதால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன். பாயின்ட் இன் டைம் ரெகவரி என்றால் என்ன, அதை எப்படி ஆன் செய்வது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

முதலில் அந்த எர்ரர். ரீஸ்டோர் கால் கொடுத்ததும் பதில் உடனே வந்துவிடும். புது டேபிளின் நிலை 'கிரியேட்டிங்' என்று இருக்கும். அடுத்த வரியில் எல்லோரும் எழுதுவது 'டேபிள்_எக்ஸிஸ்ட்ஸ்' வெயிட்டர், அதாவது டேபிள் தயாராகும்வரை ஸ்கிரிப்டைக் காத்திருக்க வைக்கும் போட்டோ3 வசதி. அது உள்ளே செய்வது இவ்வளவுதான்: 20 விநாடிக்கு ஒருமுறை டிஸ்கிரைப் டேபிள் கேட்கும், 25 தடவை கேட்கும், அதற்குள் 'ஆக்டிவ்' வராவிட்டால் வெயிட்டர் எர்ரர் எறிந்துவிட்டு விலகிவிடும். கணக்குப் போட்டால் 500 விநாடி, எட்டு நிமிடம் சொச்சம். காலி டேபிளைப் புதிதாக உருவாக்கும்போது இந்த அளவு தாராளம். ரீஸ்டோருக்கு எந்த விதத்திலும் பொருந்தாது. எவ்வளவு நேரம் ஆகும் என்பது டேபிளின் அளவு, அடியில் எத்தனை பார்ட்டிஷன் (டேட்டா பிரித்து வைக்கப்படும் பகுதி), டேட்டா எல்லா பார்ட்டிஷனிலும் சமமாகப் பரவியிருக்கிறதா, எத்தனை இண்டெக்ஸ் என்பதைப் பொறுத்தது. பெரிய டேபிள் என்றால் மணிக்கணக்கில் போகும்.

எனக்குக் கோபம் வருவது 500 என்ற எண்ணைப் பார்த்து அல்ல, அதைத் தாண்டியதும் வரும் எர்ரரைப் பார்த்துத்தான். 'மேக்ஸ் அட்டெம்ப்ட்ஸ் எக்சீடட்' என்று சிவப்பில் வந்தால், ஏற்கெனவே டேட்டா போன பதற்றத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? ரீஸ்டோர் தோற்றுவிட்டது என்றுதான். மறுபடி அதே ஸ்கிரிப்டை ஓட்டினால் 'டேபிள் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' வரும். சரி, வேறு பெயரில் ஓட்டுவோம் என்று ஓட்டினால் இரண்டு ரீஸ்டோர் ஒன்றாக ஓடும், இரண்டுக்கும் ஜிபி கணக்கில் காசு போகும். சர்வர் பக்கம் எதுவுமே தோற்கவில்லை.

தீர்வு ஒரு வரி. வெயிட் கால் கொடுக்கும் இடத்தில் 'வெயிட்டர்கான்ஃபிக்' என்று ஒரு டிக்ஷனரி கொடுக்கலாம்: டிலே 60, மேக்ஸ்அட்டெம்ப்ட்ஸ் 360 என்றால் ஆறு மணி நேரம் பொறுத்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அதில் ஒளிந்திருக்கும் அடுத்த வம்பை யாரும் சொல்வதில்லை. இந்த வெயிட்டர் 'ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட்' பதிலைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளாது. "இன்னும் டேபிள் வரவில்லை போல" என்று மறுபடி கேட்கப் போய்விடும். டேபிள் பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும், கிளையன்ட் வேறு ரீஜனைப் பார்த்தாலும், இல்லாத டேபிளுக்காக ஆறு மணி நேரம் வாய் திறக்காமல் காத்திருக்கும். டீஃபால்ட்டில் எட்டு நிமிடத்தில் வெளிப்படும் தப்பு, நேரத்தைக் கூட்டியதும் அரை வேலை நாளை விழுங்கிவிடும்.

அதனால் என் சிபாரிசு, ரீஸ்டோருக்கு வெயிட்டரே வேண்டாம். சொந்தமாக ஒரு லூப் எழுதுங்கள், பதினைந்து வரிதான் ஆகும். நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கிரைப் டேபிள் கேளுங்கள். டேபிளின் நிலை, ரீஸ்டோர்சம்மரிக்குள் இருக்கும் 'ரீஸ்டோர்இன்ப்ராக்ரஸ்', ஒவ்வொரு குளோபல் இண்டெக்ஸின் நிலை, ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, இவ்வளவையும் லாகில் எழுதுங்கள். முதல் சில நிமிடங்களுக்குப் பிறகும் 'ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட்' வந்தால் உடனே நிறுத்துங்கள். இத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரிந்துகொள்ள மட்டும் வழியில்லை. ஓடுகிறதா இல்லையா என்ற ஒற்றை பூலியனுக்கு மேல் இந்த ஏபிஐ எதையும் சொல்லாது. எப்போது சரியாகும் என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் நேரத்தில் கையில் இருப்பது அந்த பூலியன் மட்டுமே. இத்தனை வருடம் ஆன சேவையில் இன்னும் இந்தக் குறை இருப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

லூப் எங்கே ஓடுகிறது என்பதும் முக்கியம். லாம்ப்டாவுக்கு (கோடை மட்டும் கொடுத்தால் ஓட்டித்தரும் ஏடபிள்யூஎஸ் சேவை) 15 நிமிட வரம்பு, அதற்குள் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. ரீஸ்டோர் காலை மட்டும் லாம்ப்டாவில் கொடுத்துவிட்டு, நிலை பார்ப்பதை, வேலைகளைப் படிப்படியாக நடத்தும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவையின் வெயிட் ஸ்டேட்டிடம் விடுவது நல்லது. சொந்த மெஷினில் ஓட்டுகிறவர்கள் கிரெடென்ஷியலைக் கவனிக்க வேண்டும். ஒரு ரோலிலிருந்து (தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் அனுமதித் தொகுப்பு) இன்னொரு ரோலுக்கு மாறி வாங்கிய டோக்கனுக்கு அதிகபட்ச ஆயுள் ஒரு மணி நேரம். அஸ்யூம் ரோலைக் கையால் அழைத்து, வந்த கீயை செஷனில் போட்டிருந்தால் தானாகப் புதுப்பிக்காது. நடுவழியில் 'எக்ஸ்பயர்ட் டோக்கன்' வந்து லூப் அறுந்துவிடும். ப்ரொஃபைலில் ரோல் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாளப் பெயர்) கொடுத்து, போட்டோ3க்கு அடியில் இருக்கும் போட்டோகோர் லைப்ரரியே புதுப்பித்துக்கொள்ளும்படி விடுங்கள்.

இனி நேரம் சம்பந்தப்பட்ட விஷயம். வெயிட்டராவது சத்தம் போட்டுவிட்டு விலகும். இது சத்தமே போடாமல் தவறான டேட்டாவைக் கொடுத்துவிடும்.

பாயின்ட் இன் டைம் ரெகவரியின் அழகே, எந்த விநாடி வேண்டுமோ அந்த விநாடிக்குத் திரும்பலாம் என்பதுதான். 35 நாள் வரை பின்னால் போகலாம். அந்தக் கால அளவை இப்போது 1 முதல் 35 நாளுக்குள் நாமே தீர்மானித்துக்கொள்ளலாம். முன்னால் உள்ள எல்லை பொதுவாக இப்போதைய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தியது. ஆனால் 'ரீஸ்டோர்டேட்டைம்' இடத்தில் டைம்ஸோன் இல்லாத டேட்டைமைக் கொடுத்தால், போட்டோகோர் அதை ஸ்கிரிப்ட் ஓடும் மெஷினின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், யுடிசியாக (உலகப் பொது நேரம்) அல்ல. ஒரே ஸ்கிரிப்டை லேப்டாப்பில் ஓட்டினால் ஒரு நேரத்துக்கும், யுடிசியில் இருக்கும் சர்வரில் ஓட்டினால் வேறொரு நேரத்துக்கும் டேபிள் திரும்பும்.

இதைவிட மோசம் பைத்தானின் 'யுடிசிநவ்'. அது யுடிசி நேரத்தைத்தான் தரும், ஆனால் டைம்ஸோன் ஒட்டாமல் தரும். யுடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கும் ஒரு மெஷினில் அப்படி வாங்கிய காலை 10 மணியைக் கொடுத்தால், அது உள்ளூர் 10 மணியாகி, யுடிசி 2 மணியாகப் போய்ச் சேரும். எட்டு மணி நேரம் பழைய டேட்டா வரும், எந்த எர்ரரும் வராது. யுடிசிக்குப் பின்னால் இருக்கும் மெஷின் என்றால் நேரம் எதிர்காலத்துக்குப் போய் 'இன்வேலிட் ரீஸ்டோர் டைம்' வர வாய்ப்பு உண்டு. தப்பு அங்கேயே தெரிந்துவிடும். பைத்தான் 3.12 முதல் 'யுடிசிநவ்' கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது, ஆனாலும் பழைய ஸ்கிரிப்டுகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. டைம்ஸோனை வெளிப்படையாக யுடிசி என்று ஒட்டிய டேட்டைமை மட்டுமே கொடுங்கள். ரீஸ்டோர் கால் திருப்பித் தரும் ரீஸ்டோர்சம்மரியில் எந்த நேரம் பதிவாகியிருக்கிறது என்பதை யுடிசியில் பிரிண்ட் செய்து கண்ணால் பாருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு காத்திருக்கத் தொடங்கினால் போதும்.

இவ்வளவு குறை சொன்னாலும், உண்மையாகவே மனம் நிறைந்த இடமும் உண்டு. ரெகவரி ஆன் செய்திருந்த டேபிளை யாராவது முழுசாக அழித்துவிட்டால், டைனமோடிபி தானாகவே ஒரு சிஸ்டம் பேக்கப் எடுத்து 35 நாள் வைத்திருக்கும், அதற்குக் கூடுதல் கட்டணமும் இல்லை. டேபிள் பெயரின் பின்னால் டாலர் குறியும் 'டெலீட்டட்டேபிள்பேக்கப்' என்ற வாலும் சேர்ந்த பெயரில் இருக்கும். பழைய டேபிள்தான் இல்லையே, அதனால் அதே பெயரிலேயே மீட்கலாம். அப்ளிகேஷனில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் லைப்ரரி இங்கேயும் அதை நேராகக் காட்டாது. 'லிஸ்ட்_பேக்கப்ஸ்' வெறுமனே அழைத்தால் நாம் கையால் எடுத்த பேக்கப்புகள் மட்டுமே வரும், ஏனென்றால் பேக்கப்டைப்பின் டீஃபால்ட் 'யூசர்'. 'சிஸ்டம்' அல்லது 'ஆல்' என்று கொடுத்தால்தான் இது கண்ணில் படும். வெறும் பட்டியலைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொன்று, இந்த பேக்கப் டேபிள் அழிவதற்குச் சற்று முந்தைய நிலைக்கு மட்டுமே திரும்பும். கெட்ட டேட்டா எழுதப்பட்ட பிறகு டேபிளை அழித்திருந்தால் கெட்ட டேட்டாவோடுதான் வரும், அதற்கு முந்தைய விநாடிகளுக்குப் போக வழி அடைபட்டிருக்கும். டேட்டா கெட்டுவிட்டது என்றால் டேபிளை அழிக்காமல் வைத்திருங்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மீட்கும்போது குளோபல் இண்டெக்ஸ்களைக் கழற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். 'குளோபல்செகண்டரிஇண்டெக்ஸ்ஓவர்ரைடு' இடத்தில் காலி லிஸ்ட் கொடுத்தால் போதும், தேவையானதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லோக்கல் இண்டெக்ஸில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதை டேபிள் உருவாகும்போது மட்டுமே வைக்க முடியும், பிறகு சேர்க்க வழியே கிடையாது.

டேபிள் 'ஆக்டிவ்' ஆனதும் டிராஃபிக்கைத் திருப்பிவிடாதீர்கள். டேட்டாவும் இண்டெக்ஸும் வந்திருக்கும். டிடிஎல் (காலாவதியான ஐட்டங்களைத் தானாக அழிக்கும் வசதி), ஸ்ட்ரீம் (டேபிளில் நடக்கும் மாற்றங்களின் தொடர் பதிவு), டேக், ஆட்டோ ஸ்கேலிங், கிளவுட்வாட்ச் அலாரம், டெலீஷன் புரொடெக்ஷன், பாயின்ட் இன் டைம் ரெகவரி எதுவும் வந்திருக்காது. கடைசியாகச் சொன்னதை மறந்தால், இப்போதுதான் மீட்ட டேபிள் காப்பே இல்லாமல் நிற்கும். ஆக்டிவ் ஆன கையோடு அதை ஆன் செய்யப் போனால் 'கன்டினுவஸ் பேக்கப்ஸ் அன்அவெய்லபிள்' வருவதுண்டு. சற்றுப் பொறுத்து மறுபடி முயலும்படி எழுதினால் சரியாகிவிடும். ஸ்ட்ரீமுக்குப் புது ஏஆர்என் கிடைக்கும் என்பதால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த லாம்ப்டா இணைப்பையும் புதிதாகப் போட வேண்டும். டிடிஎல்லை மட்டும் கடைசியில் ஆன் செய்யுங்கள். மீட்ட டேட்டாவில் காலாவதியானவை இருந்தால் அவை மெல்ல அழியத் தொடங்கும், அவற்றில்தான் நீங்கள் தேடுவது இருக்கக்கூடும். ஐட்டம் எண்ணிக்கை சரியா என்று டிஸ்கிரைப் டேபிளில் பார்ப்பதும் வீண். அந்த எண் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். முக்கியமான கீகளை எடுத்து கெட்ஐட்டம் போட்டுப் பாருங்கள், முழு எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் ஸ்கேன் செய்யுங்கள்.

ஓடும் டேபிளின் மேலேயே ரீஸ்டோர் செய்ய முடியாது, எப்போதும் புது டேபிள்தான் வரும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் அவசரத்தில் நல்ல டேட்டாவை மிதித்துவிட வாய்ப்பில்லை. சில ரெக்கார்டுகள் மட்டுமே காணாமல் போயிருந்தால் புது டேபிளை ஸ்கேன் செய்து பழையதில் எழுதினால் போதும். இரண்டு பக்கமும் போட்டோ3 தரும் இரண்டு வழிகளில் ரிசோர்ஸுக்குப் பதில் கிளையன்டையே பயன்படுத்தினால், ஸ்கேனில் வந்த ஐட்டத்தை டெசிமல் மாற்றம் எதுவும் இல்லாமல் அப்படியே புட்ஐட்டத்தில் கொடுக்கலாம். பார்ட்டிஷன் கீ மேல் 'ஆட்ரிபியூட்_நாட்_எக்ஸிஸ்ட்ஸ்' நிபந்தனை வையுங்கள். இடையில் புதிதாக எழுதப்பட்டவை பிழைக்கும், காணாமல் போனவை மட்டும் திரும்பும். பேட்ச் ரைட் ஒரு தடவையில் 25 எழுதும் என்ற ஆசையில் அந்தப் பக்கம் போகாதீர்கள், அதில் நிபந்தனை வைக்க முடியாது. நிபந்தனையில் தோற்ற எழுத்துக்கும் ரைட் கப்பாசிட்டி செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டைனமோடிபியின் ரீஸ்டோர் நான் நம்பி உறங்கக்கூடிய வசதி. ஓடும் டேபிளின் கப்பாசிட்டியைத் தொடாமல், கேட்ட விநாடிக்குத் திரும்புகிறது. இருந்தும், போட்டோ3 வைத்து ரீஸ்டோர் ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று இன்று யாராவது கேட்டால், "முதல் தடவையா? வேண்டாம், கன்சோலிலேயே செய்" என்றுதான் சொல்வேன். வெயிட்டரும் டைம்ஸோனும் பதற்றமான நேரத்தில் ஒருவரைப் படுத்தும் பாட்டைப் பார்த்த எரிச்சலில் சொல்வது இது. ஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்றால், டேட்டா போன அன்று எழுத உட்காராதீர்கள். சின்ன டேபிள் ஒன்றில் முன்கூட்டியே முழுசாக ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு இப்போதைக்கு: ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டாதீர்கள். டிஸ்கிரைப் டேபிள் போட்டு, ரீஸ்டோர்சம்மரியில் சோர்ஸ் ஏஆர்என்னும் நேரமும் நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள். சரியாக இருந்தால் ரீஸ்டோர் முடியும்வரை பழைய டேபிளைத் தொடாமல் விடுங்கள். பழையது கிளவுட்ஃபார்மேஷன் ஸ்டாக்கில் (டெம்ப்ளேட் ஒன்றை வைத்து உருவாக்கி நிர்வகிக்கும் தொகுப்பு) இருந்தால் புதியது அதில் தானாகச் சேராது, இம்போர்ட் செய்தாக வேண்டும்; அடுத்த டிப்ளாய்க்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.