பேராதனைப் பூங்காச் சுற்றுலா: சொன்னதும் சொல்லாததும்

திருகோணமலையிலிருந்து பேராதனை அரச தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நாள் சுற்றுலா நடத்தும் உள்ளூர்ச் சேவை ஒன்றில் குடும்பத்தோடு சென்று வந்தோம். வான் வசதியாக இருந்தது, சாப்பாடும் நேரத்துக்குக் கிடைத்தது. தமிழில் விளக்கம் தரும் வழிகாட்டி இருக்கிறார் என்பதற்காகவே இச்சேவையைத் தெரிவு செய்ததால், அந்த விளக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

1821 இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் தொடங்கிய இப்பூங்கா, கண்ணுக்கு அழகாக மட்டும் அமைக்கப்பட்டதன்று, பிரித்தானியருக்கு வருவாய் தரக்கூடிய பயிர்களை நட்டுப் பார்க்கும் களமாகவும் இருந்தது என்பதை வழிகாட்டி மழுப்பாமல் கூறினார். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் 1901 இல் நட்ட நாகலிங்க மரத்தடியில் எங்களை நிறுத்தி, உதிர்ந்து கிடந்த பூவொன்றை எடுத்து, படமெடுத்த நாகம்போல வளைந்திருந்த மகரந்தக் கற்றையையும் அதன் நிழலில் இருந்த சிறு இலிங்க வடிவையும் பிள்ளைகளுக்குக் காட்டினார். சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய இம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா என்று அவர் சொன்னதும் என் அம்மா நம்ப மறுத்துவிட்டார். இப்பூங்காவில் 38 ஆண்டுகள் தாவரங்களை வரைந்த உள்நாட்டு ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்னவையும் வழிகாட்டி மறவாமல் குறிப்பிட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பயிர்களின் கதையையும் தெளிவாகவே சொன்னார்: 1861 இல், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்துக்காக நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல பூங்கா உருவானது, பிரேசிலில் திரட்டிய இறப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்து 1876 இல் கன்றுகளாக கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்தன, 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்க, மலைகளைத் தேயிலை பிடித்தது. ஆனால் அந்த மலைகளில் காட்டை வெட்டியவர் யார், கன்று நட்டவர் யார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களை விட்டுவிட்டுத் தேயிலையின் வரலாற்றை, அதுவும் தமிழ்க் குடும்பங்களிடம், சொல்லி முடிப்பது எனக்குப் பெருங்குறையாகவே பட்டது. மலையகத்திலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் இந்த வானில் ஏறக்கூடும்.

இதற்கு அதிக நேரம் ஒதுக்கவும் தேவையில்லை. தம்புள்ளையிலிருந்து மாத்தளைவரை அத்தொழிலாளர்கள் நடந்த தடத்தையொட்டித்தான் வான் ஓடுகிறது, அவ்வளவு தூரமும் சினிமாப் பாட்டுத்தான் ஒலித்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலருகே கால்மணி நேரம் நிறுத்தி இக்கதையைச் சொல்லிவிட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுமாறு சேவையினரைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் அடுத்த முறை என் அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருவேன்.