கடன் நோட்டும் நானும்: 38 மாச அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், இது ஏதோ ஆப்போட ரிவ்யூ இல்ல. சாதா கோடு போட்ட நோட்டு ஒண்ணு, பேனா ஒண்ணு, அத வெச்சு நான் கடன் அடைச்ச விதம், அவ்ளோதான். ஆப்பும் 3 போட்டுப் பாத்தேன், அதுல ஒண்ணு செலவெல்லாம் பதிஞ்சு முடிச்ச கையோட 'உங்களுக்கு உடனடி லோன் ரெடி'ன்னு மெசேஜ் அனுப்புச்சு. அன்னிக்கே மூணையும் தூக்கிட்டேன்.

ஆரம்பிக்கும்போது மொத்தம் 7 கடன். கிரெடிட் கார்டு ரெண்டு, பர்சனல் லோன் ஒண்ணு, போன் வாங்கின தவணை, இப்ப வாங்கிக்கோ அப்புறம் குடுங்கற ஆப் ஒண்ணு, ஆபீஸ் அட்வான்ஸ், ஃப்ரெண்டுகிட்ட வாங்கின கைமாத்து. எல்லாத்தையும் எழுதிக் கூட்டினப்பதான் சம்பளத்துல 100க்கு 58 தவணைக்கே போகுதுன்னு தெரிஞ்சுது. அதுக்கு முந்தின நாள் யாராவது கேட்டிருந்தா 35 போகும்னு சொல்லிருப்பேன். பொய் சொல்லணும்னு இல்ல, நெஜமாவே அப்டிதான் நம்பிட்டு இருந்தேன்.

நோட்டுல ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாருக்கு, பாக்கி எவ்ளோ, வட்டி எவ்ளோ, எந்தத் தேதி, கடைசியா 'தவறினா என்ன ஆகும்'. இந்தக் கடைசி கட்டத்த சும்மா இடம் இருக்கேன்னுதான் போட்டேன், ஆனா 38 மாசத்துல அதிகமா திருப்பிப் பாத்தது அததான். ஏன்னா காசு பத்தாத மாசத்துல யாரு நம்மள அதிகமா போன் பண்ணி திட்டறாங்களோ அவங்களுக்குத்தான் கை மொதல்ல போகும், ஆனா சத்தமே போடாத வாடகையும் கரண்ட் பில்லும்தான் தவறினா வீட்டையே ஆட்டிடும். கத்தறவனுக்கு மொதல்ல குடுக்கற பழக்கத்த விடவே எனக்கு அரை வருஷம் ஆச்சு.

வட்டி விஷயத்துல நான் எவ்ளோ முட்டாளா இருந்தேன்னு சொன்னாதான் புரியும். கார்டுல மாசம் 3 சதவீதம், சரி 3 தானேன்னு விட்டுட்டேன். அது மாசா மாசம் குட்டி போட்டு வருஷத்துக்கு 42.5 சதவீதத்த தாண்டிடுது, ஒண்ணுமே கட்டாம விட்டா 24 மாசத்துல பாக்கி ரெட்டிப்பு. சரி மினிமம் டியூ, அதாவது மாசம் கட்டியே ஆகணும்ங்கற குறைஞ்சபட்சத் தொகை, அத கட்டிட்டுதானே இருக்கோம்னு ஒரு நெனப்பு வேற. பாக்கில 5 சதவீதம் மினிமம்னு வெச்சுக்கோங்க, 100 ரூபா பாக்கிக்கு 5 கட்டினா அதுல 3 வட்டிக்கே போயிடும், அசல்ல குறையறது 2. புதுசா ஒரு தடவகூட தேய்க்காம இப்படியே கட்டினாலும் பாக்கி பாதியாகவே ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆகும். இதுல இன்னொண்ணு, பழைய பாக்கிய முழுசா கட்டாத வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் வாங்கின நாள்லேருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும், அந்த வட்டியில்லா நாள் சலுகையெல்லாம் முழுசா கட்டறவனுக்குத்தான்.

பர்சனல் லோன்லயும் ஏமாந்தேன், வாங்கும்போது '12 சதவீதம்தான் சார்'னாங்க. அது ஃபிளாட் ரேட். அதாவது நான் பாதி அசல அடைச்ச பிறகும் மொத்தத் தொகைக்கும் வட்டி போட்டுட்டே இருப்பாங்க. 4 வருஷ லோனுக்கு உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தா குறையற பாக்கிக்கு போடற கணக்குல அது 20 சதவீதத்துக்கு மேல வருது. கையெழுத்து போட்டாச்சு, இப்ப அழுது என்ன.

சரி, முறைக்கு வர்றேன். மொத 7 மாசம் புத்தகக் கணக்குப்படியே போனேன், வட்டி அதிகமான கடனுக்கு மிச்சம் பிடிச்சத எல்லாம் கொட்டறது, மத்ததுக்கெல்லாம் குறைஞ்சபட்சம். கணக்கா பாத்தா இதவிட லாபமான வழி கிடையாது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு ஊத்திக்கிச்சு. 3 மாசம் துடைச்சு வழிச்சு பெரிய கார்டுல கட்டுவேன், 4வது மாசம் பல் வலி, அதுக்கு கார்டுதான். திரும்ப 2 மாசம் கட்டுவேன், வண்டி நின்னுடும், திரும்ப கார்டு. 7 மாசம் கழிச்சு நோட்ட பாத்தா பெரிய கார்டோட பாக்கி ஆரம்பிச்ச எடத்துலேருந்து அசையவே இல்ல, 7 கடனும் 7ஆவே இருந்துச்சு. அந்த ராத்திரி நோட்ட பரண்ல தூக்கிப் போட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு பரண்லேருந்து எடுத்தது என் மனைவி. அதுவரைக்கும் அவகிட்ட 4 கடன்தான் சொல்லிருந்தேன். நோட்ட முழுசா பொரட்டிட்டு, "வேற ஏதாவது எழுதாம விட்டிருக்கீங்களா?" அப்டின்னு மட்டும் கேட்டா. இல்லன்னேன். அப்புறம் அவ சொன்ன யோசனைதான் எல்லாத்தையும் மாத்துச்சு: 3 மாசத்துக்கு எந்தக் கடனுக்கும் கூடுதலா ஒரு பைசா கட்ட வேணாம், அந்தக் காச தனியா வைங்க, தொடாதீங்க. நான் சண்டை போட்டேன். 42 சதவீத வட்டி ஓடிட்டு இருக்கும்போது காச சும்மா வெச்சா 100க்கு வருஷத்துல 40 கிட்ட நஷ்டம்னு பேப்பர்ல போட்டே காட்டினேன். "நீங்க சொல்ற கணக்குல பல் வலி எங்க இருக்கு?"ன்னா.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஏறக்குறைய அரை மாசச் செலவுக்கான காசு சேந்தப்புறம்தான் திரும்ப கடன் பக்கம் போனோம். நோட்ட பரண்லேருந்து எடுத்ததுலேருந்து கார்டு தேய்க்கவே இல்ல, 30 மாசத்துல ஒரே ஒரு தடவைதான், அதுவும் அடுத்த மாசமே முழுசா கட்டிட்டேன். என்னைக் கேட்டா இந்த ரிவ்யூல உருப்படியான பாயிண்ட் இது ஒண்ணுதான். புதுக் கடன் நிக்காத வரைக்கும் எந்த வரிசைல அடைச்சாலும் ஓட்டப் பானைல தண்ணி ஊத்தற கதைதான், புதுக் கடன் நிக்கணும்னா கையில கொஞ்சம் காசு இருந்தே ஆகணும்.

வரிசையையும் மாத்தினோம். சின்னதா இருக்கறத மொதல்ல முடிக்கறதுன்னு போனோம், போன் தவணை, அப்புறம் அந்த ஆப், ரெண்டும் 5 மாசத்துல காலி. முடிஞ்ச பக்கத்துல குறுக்க ஒரு கோடு போடும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, சிரிக்காதீங்க, அதுக்காகவே ஒரு வாரம் வெளிய சாப்பிடாம இருந்திருக்கேன். அப்புறம்தான் தெரிஞ்சுது இது என் பைத்தியம் மட்டும் இல்லன்னு, 2012ல டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நெஜக் கடனாளிகளோட கணக்க எடுத்து ஆராய்ஞ்சு, தொகை சின்னதோ பெருசோ, கடன் கணக்குகள ஒண்ணொண்ணா மூடிட்டு வர்றவங்கதான் மொத்தக் கடனையும் முடிக்கற வாய்ப்பு அதிகம்னு எழுதிருக்காங்க. ஆனா நான் பாதில மாறிட்டேன். 2 சின்னது முடிஞ்சதும் நேரா பெரிய கார்டுக்கு வந்துட்டேன், ஏன்னா மிச்சம் இருந்த சின்னது ஆபீஸ் அட்வான்ஸ், அதுக்கு வட்டியே கிடையாது.

கைமாத்துதான் ரொம்ப படுத்துச்சு. வட்டி சைபர், அதனால எந்தக் கணக்குலயும் கடைசி எடம்தான். நானும் அப்டித்தான் தள்ளிட்டே இருந்தேன், ஃப்ரெண்டு போன் பண்ணா எடுக்கறது இல்ல, அவன் காசப் பத்தி கேட்டதே இல்லங்கறது வேற விஷயம். ஒரு நாள் நேர்லயே மாட்டிக்கிட்டேன். "டேய், காசு வரும்போது குடு, போன் எடுக்கறதுக்கு என்னடா கேடு?"ன்னான். அந்த மாசத்துலேருந்து சம்பளத்துல 100க்கு 2 அவனுக்குன்னு போட்டுட்டேன். தவணை மாதிரி அதே தேதில. முடிய 20 மாசம் ஆச்சு, கணக்குப்படி தப்பான முடிவு, திரும்ப அதே நெலமை வந்தாலும் அப்டியேதான் பண்ணுவேன்.

நடுவுல எல்லாக் கடனையும் ஒண்ணா சேத்து ஒரே லோனா மாத்தித் தர்றோம்னு ஒரு எடத்துல கூப்பிட்டாங்க, தவணை பாதிக்கு மேல குறையுதுன்னதும் எச்சில் ஊறிடுச்சு. மனைவி நோட்ட நீட்டினா. உதாரணத்துக்கு, 14 சதவீதத்துல 2 வருஷம் கட்டினா 100க்கு வட்டி 15 சொச்சம், அதையே 12 சதவீதத்துல 5 வருஷம் இழுத்தா 33 சொச்சம். வட்டி வீதம் கம்மி, கட்டற வட்டி ரெண்டு மடங்குக்கு மேல. கார்டு கடன மட்டும், அதே கால அளவுல மாத்தித் தர்றதா இருந்தா நானே ஓடிப் போயிருப்பேன், அவங்க ஒத்துக்கல. இன்னொருத்தர் 'பாதிக்கு செட்டில் பண்ணித் தர்றோம், எங்க ஃபீஸ மட்டும் முன்னாடி கட்டுங்க'ன்னார். கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது நம்ம கடன் வரலாறு இருக்கற அறிக்கைல, செட்டில்டுன்னு (குறைச்சுக் கட்டி முடிச்சது) விழறதும் குளோஸ்டுன்னு (முழுசா கட்டி முடிச்சது) விழறதும் ஒண்ணு இல்ல, அது பின்னாடி லோன் கேக்கும்போது குத்தும். அதவிட, கடன்ல இருக்கறவன்கிட்ட ஃபீஸ் முன்னாடி கேக்கறவர நம்பலாமான்னே தோணல.

இப்ப நெலமை: 7ல 6 முடிஞ்சுது. முடிஞ்ச ஒவ்வொண்ணுக்கும் பாக்கி இல்லன்னு லெட்டர் வாங்கி அந்தந்தப் பக்கத்துலயே ஒட்டிருக்கேன், மொதல்ல வாங்காம விட்ட ஒரு கார்டுல வருஷக் கட்டணம்னு திரும்ப பாக்கி மொளச்சு 2 மாசம் அலைஞ்சேன்.

மார்க் கேட்டா 5க்கு 3.5. குறைச்ச 1.5 எதுக்குன்னா, வருமானம் விழுந்தா இந்த நோட்டுகிட்ட பதிலே இல்ல. 22வது மாசம் சம்பளம் 6 வாரம் லேட். சேத்து வெச்சது கரைஞ்சுது, மிச்சத்துக்கு தேதி வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். பர்சனல் லோன்காரங்க தவணைத் தேதிய 10 நாள் தள்ளி வெச்சாங்க, கார்டு பக்கம் 'சிஸ்டம்ல அப்டி ஆப்ஷன் இல்ல சார்'னு முடிச்சுட்டாங்க, லேட் ஃபீஸ் கட்டினேன். அந்த மாசப் பக்கத்துல கூட்டல் ஒண்ணும் இல்ல, யார்கிட்ட எப்ப பேசினேன்ங்கற நேரம் மட்டும்தான் எழுதிருக்கு. பர்சனல் லோன்ல இன்னும் 4 தவணை பாக்கி.