குளஸ்டர் எப்.எஸ்.: ஒரு கல்யாண வீடியோக்காரனின் மதிப்பீடு

மட்டக்களப்பு கல்லடியில் கல்யாண வீடியோ, சாமத்திய வீட்டு அல்பம், கோயில் திருவிழாப் பதிவு என்று செய்யும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று கமரா, அதோடு ட்ரோன். இரவு வந்து கார்ட்டுகளை இறக்கினால் 4கே கோப்புகள் மலையாகக் குவியும். எடிட் பண்ணும் கணினிகள் எல்லாம் அதே கோப்புகளைத் திறக்க வேண்டும்; ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தாலும் தாலிகட்டு தொலையக் கூடாது. நெட்வேர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக மாட்டும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, அதாவது நாஸ், ஒன்றை விலை கேட்டேன், சரிவரவில்லை. பழைய கணினிகளில் குளஸ்டரைப் போட்டேன்.

சும்மா கிடைக்கும் திறந்த மூல மென்பொருள் இது. ஆனந்த் பாபு பெரியசாமி என்ற தமிழர் கூட்டாகத் தொடங்கிய கம்பனியில் பிறந்தது. 2011இல் ரெட் ஹட் என்ற லினக்ஸ் நிறுவனம் 13.6 கோடி டொலருக்கு அந்தக் கம்பனியை வாங்கியது. பல கணினிகளின் டிஸ்க்குகளைச் சேர்த்து, வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒரே பெரிய டிஸ்க் போல, ஒரே 'வொல்யூமாக'க் காட்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தனியாகக் கணக்கு வைக்கும் சேர்வர் கிடையாது. கோப்பின் பெயரை வைத்தே இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

பூட்டுவது லேசு. ஒவ்வொரு கணினியிலும் டிஸ்க்கை எக்ஸ்.எப்.எஸ். என்ற லினக்ஸ் கோப்பு முறையில் போர்மட் பண்ணி, அதற்குள் ஒரு போல்டர். அதைத்தான் 'பிரிக்' என்கிறார்கள். ஒரு கணினியில் இருந்து மற்றவற்றை 'பியர் புரோப்' என்று கூப்பிட்டு, வொல்யூமை உருவாக்கி, ஸ்டார்ட் கொடுத்தால் சரி. பிரிக்கை இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கிலேயே வைத்தால் அது மறுக்கும். 'போர்ஸ்' போட்டு மீறலாம், மீறாதீர்கள்: வொல்யூம் நிரம்பும் நாளில் கணினியும் சேர்ந்து படுத்துவிடும்.

யோசிக்க வேண்டிய இடம் பிரதியின் எண்ணிக்கை, அதாவது ஒரே கோப்பை எத்தனை கணினியில் வைப்பது என்பது. இரண்டு கணினி, இரண்டு பிரதி போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். குளஸ்டரே அப்போது எச்சரிக்கை காட்டி, தொடரவா என்று கேட்கும். காரணம் ஸ்பிளிட் பிரெயின். மட்டக்களப்பு மாரியில் கரண்ட் போய் வருவதை நினைத்துப் பாருங்கள். முதலாவது சேர்வர் விழுந்த நேரம் இரண்டாவதில் ஒரு கோப்பு மாறுகிறது. மறுகா இரண்டாவது விழ, முதலாவது எழும்பி, அதே கோப்பு அதில் வேறு விதமாக மாறுகிறது. இரண்டும் சேரும்போது எது சரி என்று யார் சொல்வது? அந்தத் தீர்ப்புக்கு மூன்றாவது ஆள் வேண்டும். மூன்றாவது முழுப் பிரதிக்குக் காசில்லை என்றால் 'ஆர்பிட்டர்' வைக்கலாம். அது கோப்பின் பெயரையும் விவரத்தையும் மட்டும் வைத்திருக்கும், வீடியோவை வைத்திருக்காது. மூலையில் கிடந்த பழைய கணினியில் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு அந்த வேலையைக் கொடுத்தேன். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

சோதித்துத்தானே நம்ப வேண்டும்? பெரிய கோப்பு ஒன்று கொப்பியாகிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சேர்வரின் நெட்வேர்க் வயரைப் பிடுங்கினேன். பச்சைக் கோடு அப்படியே நின்றது. "அண்ணா, கொப்பி நிண்டுட்டு!" என்று எடிட்டர் தம்பி கத்தினான். பொறு என்றேன். காணாமல் போன சேர்வருக்காக குளஸ்டர் வழக்கமாக 42 செக்கன் காத்திருக்கும். அது முடிந்ததும் கோடு திரும்ப ஓடத் தொடங்கியது. வயரைச் செருகிய பிறகு 'ஹீல் இன்போ' கட்டளையில் பார்த்தால், விடுபட்டுப்போன கோப்புகளின் பட்டியல் தானாகச் சுருங்கிச் சுருங்கி வெறுமையானது. அந்த 42ஐக் குறைக்கலாம்தான். ஆனால் சின்னத் தடங்கலுக்கெல்லாம் அறுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுவது அதைவிடப் பாரம். நான் கை வைக்கவில்லை.

இன்னொரு நிம்மதி: பிரிக்குக்குள் கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கும். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வைக்கும் ஷார்டிங்கை நிறுத்தியே வைத்திருந்தால், நாளைக்கு குளஸ்டர் முழுதாகக் குழம்பினாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி வீடியோவை எடுத்துவிடலாம். அதற்காக ஓடிக்கொண்டிருக்கும்போது பிரிக்குக்குள் நேரே கொப்பி பண்ணவோ அழிக்கவோ கூடாது. எங்கள் தம்பிமாருக்கு அந்தப் போல்டரின் பெயரையே சொல்லவில்லை!

இனிக் குறைகள். விண்டோஸுக்கு நேரடி இணைப்பு இல்லை, நடுவில் லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சாம்பா என்ற மென்பொருள் வேண்டும். பெரிய வீடியோவுக்கு கிகாபிட் சுவிட்ச்சில் வேகம் போதும். ஆனால் அல்பப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் போல்டரைத் திறந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். சின்னக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பிரிக்கையும் விசாரித்துவிட்டு வருவதால் இந்த இழுவை. படங்களையும் எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளையும் (கேஷ்) அந்தந்தக் கணினியின் எஸ்.எஸ்.டி.யிலேயே விட்டுவிட்டோம்.

இதை பேக்கப் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே அழித்தால் இரண்டு பிரதியிலும் ஒரே நேரத்தில் அழியும். வாடிக்கையாளரிடம் கொடுத்து முடித்த வேலைகள் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏறி வீட்டு அலுமாரிக்குப் போகின்றன.

ரெட் ஹட் தன்னுடைய குளஸ்டர் விற்பனைப் பதிப்பின் ஆதரவை 2024 முடிவோடு நிறுத்திவிட்டது. திறந்த மூலப் பதிப்பு இருக்கிறது, ஆனால் பழைய சுறுசுறுப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ புதிதாகப் போடுவதென்றால் செப் (Ceph) என்ற இன்னொரு திறந்த மூலச் சேமிப்பு மென்பொருளின் பக்கம் பாருங்கள் என்பேன். அதற்குக் கூடிய மெமரியும் கூடிய படிப்பும் வேண்டும். மூன்று பழைய கணினியும் ஒரு யு.பி.எஸ்.ஸும் வைத்துப் பெரிய கோப்புகளோடு மல்லுக்கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

சாம்பா சேர்வர் விழுந்தால் அடுத்ததற்குத் தானாக மாற சி.ரி.டி.பி. என்று ஒன்று உண்டு. நாங்கள் போடவில்லை. ஒவ்வொரு டெஸ்க்ரொப்பிலும் இரண்டு ஷோர்ட்கட் இருக்கிறது. ஒன்று திறக்காவிட்டால் மற்றது.